தேக்காவில் ‘அகதி விசா’ விற்ற ஏஜென்சியும் பக்கத்துத் தெரு மொழிபெயர்ப்புக் கடையும்

இந்த விமர்சனத்தை எழுத ஒரு வருஷத்துக்கு மேல் தள்ளிப் போட்டேன். கோபத்தில் எழுதினால் நாலு வசவுதான் மிஞ்சும், படிக்கிறவர்களுக்கு உதவாது என்று நினைத்தேன். போன ஞாயிறு சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வரும்போது, நான் ஏமாந்த விசா ஏஜென்சி இருக்கும் அதே கட்டடத்தின் படிக்கட்டில் ஒரு பெண் ஏறிப் போனார். கையில் பிளாஸ்டிக் ஃபைல், அதன் முன்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி ஐ.நா. அகதி அட்டையின் கலர் ஜெராக்ஸ். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. கூப்பிட்டுச் சொல்லலாம் என்று இரண்டு படி ஏறுவதற்குள் அவர் உள்ளே போய்க் கதவும் சாத்தியாகிவிட்டது.

மூன்று இடங்களைப் பற்றி எழுதுகிறேன். சிராங்கூன் சாலைப் பக்கம் மாடியில் இருக்கும் ஒரு விசா ஏஜென்சி, வீடியோ அழைப்பில் பேசிய ஒரு கனடா குடிநுழைவு ஆலோசகர், பிறகு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு சின்ன மொழிபெயர்ப்புக் கடை. யார் பெயரையும் போடவில்லை. ஏஜென்சியின் பெயரைப் போட்டால் அந்த ஒரு கடையைத் தவிர்த்துவிட்டு அதே பேச்சைப் பேசும் இன்னொரு கடைக்குப் போவீர்கள். அந்தப் பேச்சைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

முதலில் எங்கள் கதை. என் தாத்தா யாழ்ப்பாணத்தில் இருந்து மலாயா ரயில்வேக்கு குமாஸ்தாவாக வந்தவர், அப்படியே எங்கள் குடும்பம் சிங்கப்பூர்க் குடும்பமாகிவிட்டது. அவருடைய தங்கை ஊரிலேயே தங்கிவிட்டார். அந்தத் தங்கையின் பேத்தி எனக்குத் தங்கை முறை. கிளிநொச்சியில் இருந்தவள். 2009இல் நடந்ததை எல்லாம் அவள் இன்றுவரை முழுதாகச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. 2012இல் கணவனோடும் கைக்குழந்தையோடும் கோலாலம்பூர் வந்தாள், 2015இல் ஐ.நா. அகதிகள் ஆணையம் அவர்களை அகதிகள் என்று ஏற்று அட்டை கொடுத்தது. அட்டை இருக்கிறது, அவ்வளவுதான். மலேசியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாத நாடு. அங்கே சட்டப்படி வேலை செய்ய முடியாது, பிள்ளைகளை அரசாங்கப் பள்ளியில் சேர்க்க முடியாது. கணவன் செந்தூலில் கார் கழுவுகிறான். மகள் அங்கேயே பிறந்தாள், அவளுடைய பிறப்புச் சான்றிதழில் ‘குடிமகள் அல்ல’ என்று மலாயில் அச்சடித்திருக்கிறது.

அவளுடைய தம்பி டொரொண்டோவில் ஸ்கார்பரோவில் இருக்கிறான், கனடியக் குடிமகன். இரண்டு வேலை பார்க்கிறான். “அக்கா, நீங்கள் கிட்ட இருக்கிறீங்கள், அந்தப் பக்கத்துப் பேப்பர் வேலையை மட்டும் பாருங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்” என்றான். சரி என்றேன்.

நிறையப் பேர் என்னிடம் கேட்டது, ஏன் சிங்கப்பூருக்கே கூட்டிவரக் கூடாது என்று. முடியாது. சிங்கப்பூரும் அந்த ஒப்பந்தத்தில் இல்லை, இங்கே அடைக்கலம் கேட்டு விண்ணப்பிக்கும் வழியே கிடையாது. நம்மில் கொஞ்சம் வயதானவர்களுக்கு செம்பவாங் ஹாக்கின்ஸ் சாலை முகாம் ஞாபகம் இருக்கும். 1978இல் இருந்து 1996 வரை வியட்நாமில் இருந்து படகில் வந்தவர்களை அங்கே வைத்திருந்தார்கள். அதுவும் வேறொரு நாடு அவர்களை 90 நாளில் எடுத்துக்கொள்ளும் என்று உறுதி கொடுத்தால்தான். என் அம்மா அந்த முகாம் வேலிக்குப் பக்கத்துச் சாலையில் பஸ்ஸில் போகும்போது குழந்தைகள் கையசைப்பதைப் பார்த்திருக்கிறாராம். நம் ஊரில் அகதி என்றால் எப்போதும் வழியில் தங்கிப் போகிறவர்தான்.

இனி ஏஜென்சி. 2024 பிப்ரவரியில் போனேன். குளிரூட்டி, சோபா, சுவரில் கனடாக் கொடி, ஆஸ்திரேலியாக் கொடி, ‘வெற்றி பெற்ற வாடிக்கையாளர்கள்’ என்று பாஸ்போர்ட்டைத் தூக்கிப் பிடித்த முகங்கள். அழகாகத் தமிழ் பேசினார் அங்கே இருந்தவர். நான் வாயைத் திறந்து பாதி சொல்வதற்குள், “புரிந்தது சிஸ்டர், அகதி விசா கேஸ். ஆறு மாதம். நான்கு பேருக்கும் சேர்த்து 4,800 வெள்ளி, முன்பணம் 1,500” என்றார் (வெள்ளி என்றால் இங்கே சிங்கப்பூர் டாலர்). அந்த அட்டையைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. கப்பலில் போனவர்களுக்கே கனடா கொடுத்தது, உங்களுக்குக் கொடுக்காதா என்றும் சொன்னார். 2010 ஆகஸ்டில் சன் சீ என்ற கப்பலில் இலங்கைத் தமிழர்கள் 492 பேர் கனடாவில் போய் இறங்கியதைச் சொல்கிறார். அவர்களில் பலர் மாதக்கணக்கில் தடுப்புக் காவலில் இருந்ததை அவர் சொல்லவில்லை, எனக்கும் அன்று தெரியாது. 1,500 வெள்ளி கொடுத்தேன். ரசீதில் ‘ஆலோசனைக் கட்டணம்’ என்று ஒரே வரி. என்ன வேலை, எந்த விண்ணப்பம், எப்போது முடியும், ஒன்றும் இல்லை. அந்த இடத்திலேயே எழுந்து வந்திருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு மாதம் கழித்து, தங்கையின் இலங்கைப் பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது, அதைப் புதுப்பித்துக் கொண்டு வந்தால்தான் வேலை நகரும் என்றார்கள். நானும் யோசிக்காமல் அவளிடம் சொன்னேன். இதை எழுதும்போதும் மனசு உறுத்துகிறது. அவள் கணவனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து தூதரகம் வரை போயிருக்கிறாள். எதிர்ப்பக்கம் ஒரு மரத்தடியில் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறார்கள். கேட்டில் நிற்கும் காவலாளியைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “என்னால ஏலாது” என்று சொல்லித் திரும்பி வந்துவிட்டாள். எனக்கு அப்போது சலிப்பாகத்தான் இருந்தது. ஒரு கட்டத்தைத் தாண்டினால் என்ன என்று நினைத்தேன். பிறகு அந்த ஆலோசகர் சொல்லித்தான் தெரிந்தது, அந்தப் பயம்தான் அவளைக் காப்பாற்றியது என்று. எந்த அரசிடம் இருந்து பாதுகாப்பு இல்லை என்று சொல்கிறோமோ அதே அரசிடம் தானாகப் போய்ப் பாஸ்போர்ட் வாங்கினால், நேர்காணலில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்குமாம். 1951 ஒப்பந்தத்திலேயே, சொந்த நாட்டின் பாதுகாப்பை விரும்பித் திரும்பப் பெற்றவருக்கு அகதி நிலை போய்விடும் என்று ஒரு பிரிவு இருக்கிறது. பாஸ்போர்ட் இல்லாமலேயே அகதிகளைக் கனடா எடுக்கிறது, ஒருவழிப் பயணத்துக்கு அவர்களே ஒரு பத்திரம் தருவார்கள்.

ஆறு மாதம் ஆச்சு. போன் செய்தால் ‘பிராசஸில் இருக்கிறது’. நேரில் போனால் பொறுப்பானவர் வெளியூரில். அக்டோபரில் அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போய், ஃபைலைக் காட்டினால்தான் போவேன் என்று உட்கார்ந்துவிட்டேன். கொண்டு வந்து காட்டினார்கள். மேலே இருந்த படிவம் ஐஎம்எம் 5257. அது வருகையாளர் விசா படிவம். சுற்றுலாப் போகிறவர் நிரப்புவது! பயண நோக்கம் என்ற இடத்தில் ‘தம்பியின் வீட்டு விசேஷம்’ என்று பென்சிலில் எழுதியிருந்தது. அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

இது ஏன் பெரிய விஷயம் என்று கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில்தான் எல்லாரும் ஏமாறுகிறோம். ஒரு நாட்டுக்குள் போய் நின்றுகொண்டு அடைக்கலம் கேட்கலாம், சட்டம் அதை ஏற்கிறது. ஆனால் உள்ளே போக விசா வேண்டும். விசா இல்லாதவரை ஏற்றினால் விமான நிறுவனத்துக்கு அபராதம், அதனால் செக் இன் மேசையிலேயே நிறுத்திவிடுவார்கள். சரி, வருகையாளர் விசா எடுக்கலாமே என்றால், தங்கும் காலம் முடிந்ததும் திரும்பிப் போவேன் என்று அதிகாரியை நம்ப வைக்க வேண்டும். அகதி என்பவர் திரும்பிப் போக முடியாதவர். ஒரே ஆள் இரண்டையும் சொல்ல முடியாது. அதையும் மீறிப் பொய் சொல்லி விண்ணப்பித்து மாட்டினால், தவறான தகவல் கொடுத்ததற்காக ஐந்து வருஷம் கனடாவுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. ஏஜென்சிக்காரருக்கு அது ஒரு கேஸ், 4,800 வெள்ளி. எங்களுக்கு அது இரண்டு பிள்ளைகளின் ஐந்து வருஷம். ‘அகதி விசா’ என்று கடையில் வாங்கும் பொருள் ஒன்று கிடையவே கிடையாது. மீள்குடியேற்றம் உண்டு, ஆதரவாளர் மூலம் போவது உண்டு, குடும்ப இணைப்பு உண்டு. இந்த மூன்றில் எது என்று கேளுங்கள், பதில் சொல்லாமல் தோளைத் தட்டி ‘நாங்க பாத்துக்கிறோம்’ என்றால் கிளம்பி வந்துவிடுங்கள்.

ஆலோசகரை எப்படிப் பிடித்தோம் என்றால், தம்பியின் கூட வேலை பார்க்கும் ஒரு எரித்ரியப் பையன் சொல்லி. கனடா விஷயத்தில் காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்லவோ விண்ணப்பிக்கவோ யாருக்கு உரிமை என்று அரசாங்கமே எழுதி வைத்திருக்கிறது: அங்குள்ள வழக்கறிஞர் சங்கங்களில் பதிவு பெற்றவர்கள், கியூபெக் நோட்டரிகள், குடிநுழைவு ஆலோசகர்களுக்கான கல்லூரி என்ற அமைப்பில் உரிமம் பெற்றவர்கள். அந்தக் கல்லூரியின் பதிவேடு இணையத்தில் திறந்தே இருக்கிறது, பெயரைப் போட்டால் உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஆஸ்திரேலியாவுக்கும் இதே மாதிரி பதிவு எண் உண்டு, ஏழு இலக்கம். நம் ஊர் ஏஜென்சி சிங்கப்பூரில் இருந்தாலும் கனடா விதி அதே விதிதான். அந்த ஏஜென்சிக்காரரை நான் பதிவேட்டில் தேடினேன், இல்லை.

ஆலோசகரின் கட்டணம் ஒரு மணி நேரத்துக்கு 180 கனடிய டாலர். அவர் தமிழர் இல்லை, நான் ஆங்கிலத்தில் பேசித் தங்கைக்கு மொழிபெயர்த்தேன். அட்டையைக் கேமராவில் காட்டச் சொன்னார், ‘அகதி’ என்று இருக்கிறதா, ‘அடைக்கலம் கோருபவர்’, அதாவது இன்னும் முடிவு வராதவர், என்று இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்த்தார். அதன் பிறகு ஒவ்வொரு கதவாகச் சொல்லிக்கொண்டே போனார். ஐ.நா. ஆணையமே தேர்ந்தெடுத்து நாடுகளுக்கு அனுப்பும் மீள்குடியேற்றம் ஒன்று, அதற்கு நாமாக விண்ணப்பிக்க முடியாது, யாருக்கு ஆபத்து அதிகம் என்று அவர்கள் பார்த்து எடுப்பார்கள், உலகத்து அகதிகளில் ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்குக்கூட அது கிடைப்பதில்லை. நியூசிலாந்து ஆண்டுக்கு 1,500 பேரை எடுக்கிறது, அதுவும் இந்த வழியில்தான். ஆஸ்திரேலியாவில் 202 என்ற வகை, அங்கே இருப்பவர் ஒருவர் முன்மொழிய வேண்டும், எங்களுக்கு அங்கே யாரும் இல்லை. பிரிட்டனுக்கு, அடைக்கலம் கேட்பதற்கென்று விசா கிடையாது. அமெரிக்கா அன்று திறந்திருந்தது, 2025 ஜனவரியில் அதையும் நிறுத்திவிட்டார்கள். கனடாவில் உடன்பிறந்தவரைக் குடும்ப வகையில் கூப்பிட முடியாது, வாழ்க்கைத் துணையும் சார்ந்திருக்கும் பிள்ளைகளும்தான் அதில் முதன்மை. மிச்சம் இருப்பது தனியார் ஆதரவு. 1970களின் கடைசியில் வியட்நாம்காரர்களுக்காகக் கனடா மக்களே இறங்கி நடத்திய வழி அது, இன்னும் இருக்கிறது.

அதில் ‘ஐவர் குழு’ என்று ஒன்று. அதாவது ஒரே ஊரில் இருக்கும் ஐந்து குடிமக்களோ நிரந்தரவாசிகளோ சேர்ந்து, வருகிற குடும்பத்தை 12 மாதம் பார்த்துக்கொள்வோம் என்று பொறுப்பேற்பது. அகதி என்று ஐ.நா.வோ ஒரு நாட்டு அரசோ ஏற்றுக்கொண்ட பத்திரம் இருக்க வேண்டும். எங்களிடம் இருந்தது! ஒன்பது வருஷமாக இருந்தது! தம்பியோடு நான்கு நண்பர்கள் தயாராக இருந்தார்கள். விண்ணப்பக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டேன். ஒரு காசு இல்லை என்றார். கேட்டதும் எனக்குப் பேச்சு வரவில்லை.

இந்த அழைப்பு நடந்தது 2024 நவம்பர் இரண்டாவது வாரம். இரவு பகலாகப் படிவம் நிரப்பினோம். நவம்பர் 29ஆம் தேதி கனடா ஐவர் குழுக்களிடம் இருந்து புது விண்ணப்பம் வாங்குவதை நிறுத்திவிட்டது. ஏற்கெனவே குவிந்து கிடப்பது அதிகம் என்று காரணம். எங்களுடையது பாதி நிரம்பிய நிலையில் மேசையில் இருந்தது. பிப்ரவரியிலேயே அந்தப் படிக்கட்டில் ஏறாமல் நேராக இவரிடம் போயிருந்தால் மே, ஜூனில் போய்ச் சேர்ந்திருக்கும். அன்று இரவு தங்கை போனில் அழவில்லை. “பரவாயில்லை அக்கா, நீங்கள் சாப்பிட்டீங்களா” என்று கேட்டாள்.

ஏஜென்சியிடம் பணம் கேட்டுப் போனேன். தர முடியாது, வேலை செய்திருக்கிறோம் என்றார்கள். என்ன வேலை என்று எழுத்தில் கொடுங்கள், சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் மனுப் போடப் போகிறேன் என்றேன். தனி ஆளுக்கு 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குப் பதிவுக் கட்டணம் பத்தே வெள்ளி, வக்கீல் வேண்டாம், இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும். இதைச் சொன்னதும் அடுத்த நாளே 900 வெள்ளி திரும்பி வந்தது. மீதிக்கு நான் அலையவில்லை, அப்போது வேறு வேலை தலைக்கு மேல் இருந்தது. ஆனால் நீங்கள் விடாதீர்கள். ஏஜென்சிக்கு ஐந்துக்கு ஒன்று, அதுவும் பூஜ்யம் போட வழி இல்லாததால்.

இப்போது மொழிபெயர்ப்புக் கடை. இதைப் பற்றி எழுதத்தான் உண்மையில் ஆசை. டன்லப் தெருப் பக்கம், பூக்கடைக்கும் கைத்தொலைபேசி பழுது பார்க்கும் கடைக்கும் நடுவில் ஒரு ஆள் அகலத்துக்கு ஒரு இடம். உள்ளே ஒரு பெரியவர், எழுபதைத் தாண்டியிருப்பார், மேசையில் பூதக்கண்ணாடி, இரண்டு தமிழ் அகராதி, ஒரு மலாய் அகராதி, பழைய பிரிண்டர். ஏஜென்சி ஏற்கெனவே மொழிபெயர்த்துக் கொடுத்திருந்ததைக் காட்டி, இதற்கு முத்திரை மட்டும் போட முடியுமா ஐயா என்று கேட்டேன். “அடுத்தவன் எழுதினதுக்கு நான் எப்படிம்மா கையெழுத்துப் போடுவேன்” என்று சொல்லி மூலத்தைக் கேட்டார். அதோடு இன்னொன்றும் சொன்னார்: கனடா விண்ணப்பத்துக்கு, விண்ணப்பிக்கிறவரோ, குடும்பத்தாரோ, அவர்களுக்காக விண்ணப்பத்தைக் கையாளும் ஏஜென்டோ மொழிபெயர்க்கக் கூடாது. வெளியாள்தான் செய்ய வேண்டும், சான்றிதழ் பெற்ற மொழிபெயர்ப்பாளராக இல்லாவிட்டால் இது சரியான மொழிபெயர்ப்பு என்று சத்தியப் பிரமாணம் செய்து இணைக்க வேண்டும். ஆக அந்த ஏஜென்சியின் காகிதம் முதல் நாளே செல்லாத காகிதம்.

தங்கையின் பிறப்புப் பத்திரம் தமிழில் கையெழுத்தில் எழுதியது. மை மங்கி, மடிப்பில் கிழிந்து, பின்னால் டேப் ஒட்டியிருக்கும். 2009இல் அவள் அம்மா அதை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தாராம். பெரியவர் கையைத் துடைத்துக்கொண்டுதான் அதைத் தொட்டார். பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு கட்டமாகப் படித்தார், பத்து நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஏஜென்சியின் காகிதத்தைப் பக்கத்தில் வைத்து விரலால் காட்டினார். “இவங்க போட்டிருக்கிறது பதிவு செஞ்ச தேதிம்மா. பிறந்த தேதி மேல் கட்டத்தில இருக்கு பாருங்க. நாலு மாசம் வித்தியாசம்.” சண்டை நேரத்தில் பிறந்தவள், பதிவாளர் அலுவலகம் போக நாலு மாதம் ஆகியிருக்கிறது. ஐ.நா. அட்டையில் சரியான பிறந்த தேதி. ஏஜென்சியின் மொழிபெயர்ப்பில் வேறு தேதி. அப்படியே போயிருந்தால் ஒரே பெண்ணுக்கு இரண்டு வயது. பார்க்கிற அதிகாரி எதை நம்புவார்?

பெயரிலும் ஒரு சிக்கல் இருந்தது. நம்மவர்கள் அப்பா பெயரை முன்னால் போடுவோம், அட்டையில் முன்னது பின்னதாகியிருந்தது. அதை அவர் திருத்தவில்லை. “பத்திரத்தில இருக்கிறதைத்தான் நான் எழுத முடியும், நல்லதுக்காகக்கூட மாத்த மாட்டேன்” என்றார். இரண்டும் ஒருவர்தான் என்று தங்கையே கோலாலம்பூரில் சத்தியப் பிரமாணப் பத்திரம் எழுதி வாங்கச் சொன்னார். கணவனுக்குப் பிறப்புப் பதிவே கிடைக்கவில்லை, உத்தேச வயதுச் சான்றிதழ்தான். அந்த ‘உத்தேச’ என்ற சொல்லுக்கு எந்த ஆங்கிலச் சொல் சரி என்று யோசித்து, அடுத்த நாள் வரச் சொல்லி, இலங்கை அரசு ஆங்கிலத்தில் வழங்கும் அதே பெயரைக் கண்டுபிடித்துப் போட்டிருந்தார். மகளின் மலாய்ச் சான்றிதழையும் அவரே செய்தார். பக்கத்துக்கு 35 வெள்ளி. பதினொரு பக்கம். கடைசி இரண்டுக்குக் காசு வாங்கவில்லை, “அது பிள்ளைகளோடது” என்றார். மேல்மாடியில் இருக்கும் நோட்டரி பப்ளிக்கிடம் அவரே கூட வந்து பிரமாணம் செய்தார்.

இதற்கு நடுவில் நான் இரவு பஸ் பிடித்துக் கோலாலம்பூர் போய் வந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்த ஏஜென்சியும் செய்யாத வேலை அதுதான். ‘ஷெடியூல் ஏ’ என்று ஒரு படிவம், கடந்த பத்து வருஷத்தில் எங்கே இருந்தாய், என்ன செய்தாய் என்று மாதம் விடாமல் எழுத வேண்டும், இடைவெளி இருக்கக் கூடாது. அவர்கள் வீட்டுத் தரையில் பாயை விரித்து, பழைய முருகன் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு உட்கார்ந்தோம். அகதிகளுக்கு மாதம் எப்படி ஞாபகம் இருக்கும்? மகள் பிறந்தது, பத்துமலைத் தைப்பூசம், கொரோனா அடைப்பு, வீட்டுக்காரர் வாடகை ஏற்றியது, இப்படித்தான் பிடித்துப் பிடித்து வந்தோம். ஒரு இடத்தில் இரண்டு மாதம் காணோம். கணவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். தங்கைதான் சொன்னாள், அப்போது அவனைப் பிடித்துத் தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள் என்று. அதை எழுதினால் கனடா வேண்டாம் என்று சொல்லிவிடுமோ என்று இரண்டு பேருக்கும் பயம். ஏஜென்சி அதை ‘வீட்டில் இருந்தார்’ என்று போடச் சொல்லியிருந்ததாம்! ஆலோசகருக்குச் செய்தி அனுப்பிக் கேட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், ஆவணம் இல்லாமல் பிடிபட்ட அகதி என்பது அவர்களுக்குப் புதிதில்லை, மறைத்தால்தான் கேஸ் போகும் என்றார். எழுதினோம். எழுதி முடித்ததும் அவன் எழுந்து போய் எல்லாருக்கும் தேத்தண்ணி போட்டுக் கொண்டு வந்தான்.

இப்போதைய நிலைமை. ஐவர் குழு மூடினாலும் தனியார் ஆதரவில் இன்னொரு வழி இருக்கிறது. கனடா அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்ட அமைப்புகள் நூற்றுக்கு மேல் உண்டு, பெரும்பாலும் தேவாலயங்கள், சமூகச் சங்கங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு இத்தனை பேர் என்று வரம்பு, அதனால் காத்திருப்பு நீளம். தம்பி 14 இடத்துக்கு எழுதினான், ஒன்பது இடத்தில் பதில் இல்லை, நான்கில் இடமில்லை, ஒரு தேவாலயக் குழு மட்டும் கூப்பிட்டுப் பேசி 2025 கடைசியில் எங்கள் ஃபைலை எடுத்துக்கொண்டது. அவர்கள் எங்களிடம் ஒரு பைசா கேட்கவில்லை, ஆதரவு கொடுப்பதற்காக அகதியிடம் பணம் கேட்பது விதிக்கு விரோதம். யாராவது ‘ஸ்பான்சர் பிடித்துத் தருகிறேன், இவ்வளவு கொடு’ என்றால் அதையும் இதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஐ.நா. ஆணையத்தின் எந்தச் சேவைக்கும் கட்டணம் கிடையாது என்பதையும் தயவுசெய்து கோலாலம்பூரில் உள்ள உங்கள் சொந்தக்காரர்களுக்குச் சொல்லுங்கள். அட்டை புதுப்பிக்க என்று சொல்லியே காசு பறிக்கிறார்கள்.

முன்னால் இன்னும் நிறைய இருக்கிறது. விசா அதிகாரியின் நேர்காணல், மருத்துவப் பரிசோதனை, கைரேகை, கடைசியில் மலேசியாவை விட்டு வெளியேற அந்நாட்டுக் குடிநுழைவுத் துறையின் அனுமதி. ஒவ்வொன்றும் மாதக்கணக்கு. மகனுக்கு இப்போது 15 ஆகப் போகிறது. அகதிப் பிள்ளைகளுக்கான சமூகப் பள்ளியில் அவனுக்கு மேல் வகுப்பு இல்லை, அப்பாவோடு கார் கழுவப் போகத் தொடங்கிவிட்டான். போன மாதம் நான் போயிருந்தபோது கையில் சோப்பு நுரை காய்ந்த தடத்தோடு வந்து, “பெரியம்மா, அங்க ஐஸ் மேல நடக்க வேற சப்பாத்து வேணுமாம், மாமா சொன்னவர்” என்றான்.

ஆலோசகருக்கு ஐந்துக்கு நான்கு. ஒரு குறை, மின்னஞ்சலுக்குப் பதில் வர நாலைந்து நாள் ஆகும், அவசரமாக இருக்கும்போது அது ரொம்பக் கஷ்டம். ஆனால் முடியாததை முடியாது என்று முதல் மணி நேரத்திலேயே சொன்னவர் அவர் ஒருவர்தான்.

மொழிபெயர்ப்புக் கடைக்கு ஐந்துக்கு ஐந்து. போகிறவர்கள் மூலப் பத்திரத்தையே கொண்டு போங்கள், போனில் எடுத்த படத்தை வைத்து அவர் வேலை செய்ய மாட்டார். பெயர்களை ஐ.நா. அட்டையில் உள்ள எழுத்துப்படி ஒரு தாளில் எழுதிக் கொண்டு போனால் நேரம் மிச்சம். ரொக்கம் மட்டும்தான் வாங்குவார், பேநவ் என்ற கைத்தொலைபேசிப் பணப் பரிமாற்றம் இல்லை. புதன்கிழமை கடை கிடையாது, மற்ற நாளில் பதினொன்றரைக்குத்தான் திறப்பார், தீபாவளி ஒளியூட்டு சமயத்தில் அந்தத் தெருவில் நிற்கக்கூட இடம் இருக்காது, அப்போது போவதானால் காலையிலேயே போய்விடுங்கள்.